செயின் சா பல்லை வீட்டிலேயே அரம் போட்டுத் தீட்ட… பயனுள்ள குறிப்புகள்

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்த நாள். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கம் யாரைக் கேட்டாலும் அன்று எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். எங்கள் வாசல் வேம்பு கேட்டோடு சேர்ந்து தெருவுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. மின்சாரம் இல்லை. மறுநாள் எங்கெங்கோ அலைந்து வாடகைக்கு ஒரு பெட்ரோல் செயின் சா கொண்டு வந்தோம். அரை மணி நேரம் மாற்றி மாற்றி அழுத்தினோம். புகை வந்தது, மாவு மாதிரி தூள் கொட்டியது, மரம் மட்டும் அறுபடவில்லை.

நான் வேலை பார்த்த ரோலிங் மில்லில் மெயின்டெனன்ஸ் பிரிவில் இருந்த மூத்த பிட்டர் ஒருவர் அந்த வழியாக சைக்கிளில் வந்தார். நின்று பார்த்தார். "இன்ஜினை நிறுத்துப்பா முதல்ல" என்றார். செயினை வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மெஷின் நல்லாத்தான் இருக்கு, பல்லுதான் செத்துப்போச்சு" என்று சொல்லி வீட்டுக்குப் போய் ஒரு வட்ட அரத்தை எடுத்து வந்தார். பென்சிலைவிட மெல்லிசு. திண்ணையில் உட்கார்ந்து இருபது நிமிடம் தள்ளினார். அதற்குப் பிறகு அதே மெஷின், அதே வேம்பு. தேங்காய்த் துருவல் போல சீவல் பறந்தது. மதியத்துக்குள் தெரு திறந்துவிட்டது.

அன்றிலிருந்து என் செயினுக்கு நானேதான் அரம் போடுகிறேன். தோப்பு வைத்திருப்பவர்கள், வீட்டைச் சுற்றி நாலு மரம் இருப்பவர்கள் பலரும் இப்போது சொந்தமாகவே செயின் சா வாங்கிவிட்டார்கள். ஆனால் பல் மழுங்கினால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், இல்லாவிட்டால் புதுச் செயின் வாங்குகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. இரும்பும் அரமும் புழங்கும் ஊர் இது, ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்த பிள்ளை தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பத்து நாளில் கைக்கு வந்துவிடும் வேலைதான்.

1. செயின் மழுங்கிவிட்டது என்பதை மெஷினே சொல்லிவிடும். நல்ல பல் சீவலாகக் கொட்டும், மழுங்கிய பல் தூளாகக் கொட்டும். நல்ல பல் தானே மரத்துக்குள் இறங்கும், மழுங்கியதை நாம் அழுத்த வேண்டியிருக்கும். எண்ணெய் சரியாக வந்தும் வெட்டுவாயில் புகை வந்தாலும், நேராக வைத்து அறுத்தும் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனாலும் நிறுத்திவிடுங்கள். அழுத்தி அறுக்கும்போதுதான் கை நழுவும், மெஷின் துள்ளும். கூர் மழுங்கிய செயின்தான் அதிக ஆபத்து.

2. அரம் வாங்குவதற்கு முன் செயினை அளந்துவிடுங்கள். எல்லா செயினுக்கும் ஒரே அரம் ஆகாது. அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளை எடுத்துக்கொண்டு, முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடு வரை ஸ்கேலால் அளக்க வேண்டும். அதில் பாதிதான் பிட்ச். மூன்று ரிவெட்டுக்கும் சேர்த்து 12.7 மி.மீ. வந்தால் அது கால் அங்குலச் செயின்; கையடக்க பேட்டரி மெஷின்களில் வரும். அதற்கு 4 மி.மீ. அரம். 16.5 மி.மீ. வந்தால் 0.325 அங்குலப் பிட்ச். கடைகளில் அதிகம் விற்கிற 58 சி.சி. பெட்ரோல் மெஷின்களில் பெரும்பாலும் இதுதான். அதற்கு 4.8 மி.மீ. அரம். 19 மி.மீ. வந்தால் 3/8 அங்குலப் பிட்ச். இதில்தான் கவனம் வேண்டும். வீட்டு உபயோகக் கரன்ட் மெஷின்களில் வரும் குட்டையான பல்லுள்ள செயினுக்கு 4 மி.மீ. போதும். தொழில்முறையாக மரம் வெட்டுகிறவர்கள் வைத்திருக்கும் பெரிய மெஷினின் உயரமான பல்லுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. வேண்டும். மெஷினோடு வந்த கையேட்டில் இந்த அளவு அச்சாகியிருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஹார்டுவேர் கடையில் "செயின் சா ரவுண்டு ஃபைல்" என்று அளவோடு கேட்டு வாங்குங்கள். சாதாரண வட்ட அரம் நுனியில் கூம்பிக்கொண்டு போகும். இது அடி முதல் நுனி வரை ஒரே கனமாக இருக்க வேண்டும்.

3. கைப்பிடி இல்லாத அரத்தைத் தொடவே தொடாதீர்கள். அடிவால் உள்ளங்கையில் ஏறிவிடும். ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே சொல்லித் தரும் பாடம் இது. கைப்பிடி கிடைக்காவிட்டால் ஒரு சாண் சவுக்குத் துண்டை எடுத்து, அடிவாலைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டு, தட்டி இறக்கிக்கொள்ளலாம்.

4. வேறு சாமான்கள்: ஒரு தட்டை அரம், ஒரு ஸ்டீல் ஸ்கேல், தோல் கையுறை, கறுப்பு ஸ்கெட்ச் பேனா, பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸ். கடைசிச் சாமான் எதற்கு என்று 9-ஆவது குறிப்பில் வரும்.

5. கை வைக்கும் முன்: பெட்ரோல் மெஷின் என்றால் ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியை வெளியே எடுங்கள். கரன்ட் மெஷின் என்றால் பிளக்கை உருவி, உங்கள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

6. பிசின் அப்பிய செயினில் அரம் வழுக்கும். வேப்பம் பிசினும் மாம்பாலும் தூளோடு சேர்ந்து தார் போல இறுகிவிடும். மண்ணெண்ணெய் தொட்ட பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்த பிறகு ஆரம்பியுங்கள். பெட்ரோலில் கழுவ வேண்டாம்.

7. மெஷின் அசையக் கூடாது. வீட்டில் வைஸ் இருந்தால் பாரை அதில் பிடித்துவிடுங்கள். செயின் மாட்டிக்கொள்ளாமல் பார் மட்டும் மாட்ட வேண்டும். தோப்பில் இருக்கிறீர்கள் என்றால், கூர் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அடிக்கட்டை ஒன்றில் நாலு விரல் ஆழத்துக்கு ஒரு கோடு அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை அணைத்து, பாரை அந்தப் பிளவில் செருகினால் அதுவே வைஸ். இரண்டு பக்கமும் மரச்சிம்பு அடித்து இறுக்கிக்கொள்ளலாம். செயினை வழக்கத்தைவிட ஒரு துளி இறுக்கமாக வைத்தால் பல் ஆடாது. தீட்டுகிற நேரத்தில் செயின் பிரேக்கைப் போட்டு, அடுத்த பல்லுக்கு நகர்த்தும்போது மட்டும் விடுவியுங்கள்.

8. பல்லின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. செயினில் ஒரு பல் இடது பக்கம், அடுத்தது வலது பக்கம் என்று மாறி மாறி வரும். ஒவ்வொரு பல்லும் மேலே தகடாக வந்து பக்கவாட்டில் வளைந்து இறங்கியிருக்கும். அந்த வளைவின் உள்விளிம்புதான் வெட்டுகிறது. பல்லுக்கு முன்னால் குட்டையாகச் சுறாத் துடுப்பு போல ஒரு மேடு நிற்கும், அதன் பெயர் டெப்த் கேஜ். பல் ஒரு தடவையில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

இந்தப் பல் பிறந்த கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. முன்பெல்லாம் செயின் ரம்பத்தின் பல் நம் கைரம்பத்தின் பல் போலவே இருந்தது. மரத்தைச் சுரண்டும், அடிக்கடி மழுங்கும். 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர், ஒரு கட்டைக்குள் வண்டுப் புழு குடைந்துகொண்டு போவதைக் கவனித்தார். அதன் இரண்டு தாடைகளும் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவின. நார் ஓடும் திசையிலும் சரி, குறுக்கிலும் சரி, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் இரும்பில் வளைந்த பல்லைச் செய்தார். இன்று உலகம் முழுக்க ஓடும் செயின்கள் அந்த வழியில் வந்தவைதான். நம் மாந்தோப்புகளில் தண்டைத் துளைத்து நாசம் செய்யும் புழுவைப் பார்த்தவர்களுக்கு, அந்த மனிதர் கண்ட காட்சி நன்றாகவே புரியும். வட்ட அரம் கேட்பதும் அந்த வளைவுக்காகத்தான்.

9. கோணம். பெரும்பாலான செயினுக்கு 30 டிகிரி. பாருக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரு கோடு கிழித்தால், அந்தக் கோட்டிலிருந்து அரம் 30 டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும். பல பிராண்டு செயின்களில் பல்லின் மேல்தகட்டில் பின்பக்கமாக ஒரு சாய்வுக் கோடு வெட்டியிருப்பார்கள். அரத்தை அந்தக் கோட்டுக்கு இணையாகப் பிடித்தால் போதும், வேறு கணக்கே வேண்டாம். கோடு இல்லாத செயினுக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் உதவும். அதிலுள்ள இரண்டு மூலை மட்டங்களில் நீளமானது 30, 60, 90 டிகிரிக் கோணங்கள் கொண்டது. ஒரு பிளைவுட் துண்டில் அந்த 30 டிகிரியை வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்றாகக் கிழித்துக்கொண்டு, பாருக்குக் கீழே தெரிகிற மாதிரி வைத்துவிடுங்கள். கண் அந்தக் கோட்டைப் பார்க்க, கை தானாகச் சாயும். மூலை மட்டமும் இல்லையா? ஒரு காகிதத்தின் மூலையை மூன்று சமபாகமாக மடியுங்கள். ஒவ்வொரு மடிப்பும் 30 டிகிரி.

10. உயரம். அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். 4.8 மி.மீ. அரம் என்றால் ஏறக்குறைய 1 மி.மீ. அரம் இதற்குக் கீழே இறங்கினால் பல் கொக்கி போலாகிவிடும். மரத்தைக் கவ்வி இழுக்கும், சீக்கிரமே மழுங்கும். மேலே ஏறினால் பல் பின்னால் சரிந்து, மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அரத்தின் மேல் மாட்டுகிற ஃபைல் கைடு என்ற தகடு கிடைக்கிறது. கோணமும் உயரமும் அதிலேயே அமைந்திருக்கும். முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு அதை வைத்துப் பழகுவது நல்லது.

11. தொடங்குவதற்கு முன் எல்லாப் பல்லையும் ஒரு சுற்றுப் பாருங்கள். எது மிகவும் தேய்ந்து குட்டையாக இருக்கிறதோ, எது அதிகம் அடிபட்டிருக்கிறதோ, அதுதான் உங்கள் முதல் பல். ஸ்கெட்ச் பேனாவால் அதில் ஒரு புள்ளி வையுங்கள். மற்ற பற்களை அதன் நீளத்துக்குக் கொண்டுவருவதுதான் வேலை. புள்ளி வைக்காமல் ஆரம்பித்தால் எங்கே ஆரம்பித்தோம் என்று தெரியாமல் சில பற்களை இரண்டு தடவை தேய்த்துவிடுவோம்.

12. இனி அரம் தள்ளுவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தப்பு நடக்கிற இடம் இதுதான்.

பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கித் தள்ள வேண்டும். உங்களிடமிருந்து அப்பால் போகும் தள்ளில் மட்டும்தான் அரம் வெட்டும். திரும்பும்போது பல்லைத் தொடாமல் தூக்கிக் கொண்டுவாருங்கள். முன்னும் பின்னும் உரசினால் இரண்டே நாளில் அரத்தின் வெட்டு போய்விடும்.

ஒரு கை பிடியில், மறுகையின் விரல்கள் அரத்தின் நுனியில். அரம் தரைமட்டமாக இருக்கட்டும். அழுத்தம் கீழ்நோக்கிப் போகக் கூடாது. பல்லின் முகத்தை நோக்கிப் பின்னாலும், ஒரு துளி மேலேயும் இருக்க வேண்டும். அரத்தின் முழு நீளத்தையும் ஒரே சீராக விடுங்கள். அவசரப்பட்டு அரை நீளத்தில் வெட்டி வெட்டித் தள்ளினால் பல்லின் முகம் உருண்டுவிடும். அவ்வப்போது அரத்தைக் கைப்பிடியோடு கால் சுற்றுத் திருப்பிக்கொண்டால் எல்லாப் பக்கமும் சமமாகத் தேயும்.

காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதல் தள்ளில் மழுங்கிய விளிம்பின் மேல் கறகறவென்று இருக்கும். இரண்டாவது, மூன்றாவது தள்ளில் 'சர்ர்' என்று வழவழப்பாக மாறும். கையுறையில் வெள்ளித் தூள் போலப் படியும். அந்தச் சத்தம் மாறியதும் அந்தப் பல் முடிந்தது. கடைசியில் விளிம்புக்கு வெளியே மெல்லிய பிசிறு ஒன்று சுருண்டு நிற்கும்; ஒரு மரத்துண்டால் லேசாக வருடினால் உதிர்ந்துவிடும். விரலால் தடவிப் பார்க்க வேண்டாம்.

13. தள்ளுகளை எண்ணுங்கள். வழக்கமான கூர் தீட்டலுக்குப் பல்லுக்கு 2 அல்லது 3. எத்தனை என்பது முக்கியமில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கை என்பதுதான் முக்கியம். ஒரு பக்கத்துப் பற்களை முழுவதும் முடித்துவிட்டு, மெஷினைத் திருப்பி வைத்து மறுபக்கத்துக்கு வாருங்கள். 20 அங்குல பாரில் ஏறக்குறைய 38 பல் இருக்கும். பல்லுக்கு 3 என்றால் 114 தள்ளு. கால் மணி நேர வேலை.

14. வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் நன்றாக வரும், மறுபக்கம் சொல்பேச்சுக் கேட்காது. நாளடைவில் ஒரு பக்கத்துப் பற்கள் குட்டையாகி, வெட்டு வளையத் தொடங்கும். எந்தப் பக்கப் பல் நீளமாகவும் கூராகவும் இருக்கிறதோ அந்தப் பக்கமாக வெட்டு இழுக்கும். மாதம் ஒரு முறை வெர்னியரால் இரண்டு பக்கப் பல்லின் நீளத்தையும் அளந்து, நீளமான பக்கத்துக்கு ஒரு தள்ளு கூட்டிவிடுங்கள்.

15. கூர் வந்துவிட்டதா என்று பார்க்க வெளிச்சம் போதும். விளிம்பைச் சூரியனுக்கோ டியூப்லைட்டுக்கோ எதிராகச் சாய்த்துப் பாருங்கள். மழுங்கிய விளிம்பு வெள்ளைக் கோடாக மின்னும். கூர்மையான விளிம்பில் மினுக்கமே தெரியாது. சந்தேகமாக இருந்தால் விளிம்பில் ஸ்கெட்ச் பேனா மையைத் தடவி இரண்டு தள்ளு தள்ளுங்கள். மை எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே அரம் தொடவில்லை.

16. டெப்த் கேஜை மறந்தவர்கள்தான் "எவ்வளவு தீட்டினாலும் அறுக்கலைங்க" என்று சொல்வார்கள். பல் தேயத் தேய அதன் உயரமும் குறையும். முன்னால் இருக்கும் மேடு மட்டும் அப்படியே நின்றால் பல் மரத்தைத் தொடவே முடியாது. மூன்று நான்கு தடவை தீட்டியதும் இதைப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு பற்களின் தலைமேல் ஸ்டீல் ஸ்கேலை நெடுக்காக வைத்தால், நடுவில் இருக்கும் மேட்டுக்கும் ஸ்கேலுக்கும் இடையே சந்து தெரியும். வீட்டு மெஷின்களுக்குப் பெரும்பாலும் அது 0.65 மி.மீ. இருக்க வேண்டும். பைக் மெக்கானிக்கிடம் இருக்கும் ஃபீலர் கேஜில் 0.25-உம் 0.40-உம் சேர்த்து நுழைத்தால் அந்த அளவு.

சந்து குறைவாக இருந்தால் தட்டை அரத்தால் மேட்டை ஒன்றிரண்டு தள்ளு மட்டும் தேய்த்து, முன்பக்க முனையைப் பழையபடி உருட்டிவிடுங்கள். ஒரேயடியாகத் தேய்த்துவிடாதீர்கள். ஏ.டி.எம். கார்டின் கனம் 0.76 மி.மீ. அந்தச் சந்தில் கார்டு நுழைந்தால் நீங்கள் அளவுக்கு மீறிப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட செயின் மரத்தைக் கவ்வும், பாரின் மூக்கு நம் முகத்தை நோக்கி எகிறும். பற்களைத் தேய்த்து உயரத்தைக் குறைத்து, சந்து சரியாகும் வரை அந்தச் செயினை மெஷினில் மாட்டாதீர்கள்.

17. கிரைண்டர் வேண்டாம். நம் பகுதியில் வெல்டிங் பட்டறை இல்லாத தெரு கிடையாது, ஏ.ஜி.4 கிரைண்டர் எல்லார் கையிலும் இருக்கிறது. ஆசை வரும். இரண்டு நொடியில் பல் பளபளவென்று ஆகிவிடும், உண்மைதான். ஆனால் விளிம்பு நீலம் பாரித்திருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு வேலை பார்த்தவர்களுக்கு அந்த நிறம் என்ன சொல்கிறது என்று தெரியும்: சுமார் 300 டிகிரி வரை சூடாகிவிட்டது, டெம்பர் இறங்கிவிட்டது. அந்தப் பல் இரண்டு வெட்டில் மழுங்கும். கிரைண்டர் ஒரு தடவையில் தின்னும் இரும்பில் அரம் ஏழெட்டுத் தடவை தீட்டிவிடும்.

18. ஆணியில் பட்ட செயின். தேசிய நெடுஞ்சாலை ஓரத்திலும், சிப்காட் சாலைகளிலும் நிற்கும் மரங்களில் எத்தனை விளம்பரப் பலகை, எத்தனை ஆணி! பலகை என்றைக்கோ போயிருக்கும், ஆணி பட்டைக்குள் மூடிக்கொண்டு இருக்கும். வீட்டு மரத்தில் துணிக்கொடி கட்டிய கொக்கி, முள்வேலிக் கம்பி. அறுக்கும் முன் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை வெட்டப் போகும் இடத்தில் ஒரு சுற்று நகர்த்திப் பாருங்கள். ஆழத்தில் இருப்பது தெரியாது, மேலாக இருப்பது தெரிந்துவிடும்.

பட்டுவிட்டது என்றால் மனம் தளர வேண்டாம். பல்லின் வெளிமுகத்தில் மெல்லிய குரோமியப் பூச்சு உண்டு. உண்மையான கூர் அதில்தான் நிற்கிறது. அந்தப் பூச்சு எதுவரை சிதைந்திருக்கிறதோ அதைத் தாண்டி, நல்ல குரோமியம் தெரியும் வரை தள்ள வேண்டும். பத்துப் பன்னிரண்டு தள்ளுகூட ஆகலாம். பாதியில் விட்டால் கூர் வந்த மாதிரி இருக்கும், நிற்காது.

19. மண் படாமல் பார்த்துக்கொண்டால் அரம் போடும் வேலை பாதியாகக் குறையும். பாரின் மூக்கு ஒரு நொடி தரையில் பட்டால் போதும், அன்றைய கூர் அதோடு சரி. கட்டையை அறுக்கும்போது கீழே இன்னொரு கட்டையை முட்டுக் கொடுத்து உயர்த்திக்கொள்ளுங்கள். பழவேற்காடு பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் காற்றில் பறக்கும் மணல் பட்டையின் வெடிப்புகளில் அடைந்திருக்கும். லாரி ஓடும் சாலையோரத்தில் புழுதி அடைந்திருக்கும். வெட்டுவாய் வரும் இடத்தில் அரிவாளால் பட்டையை ஒரு சாண் அகலத்துக்குச் சீவி எடுத்துவிட்டு அறுங்கள்.

20. மரத்துக்கு மரம் வேறுபடும். பச்சை வேம்பும் முருங்கையும் செயினுக்கு அல்வா. காய்ந்த சவுக்கும் சீமைக் கருவேலமும் புளியின் வைரமும் அரை மணியில் கூரைக் குறைத்துவிடும். தென்னையைப் பார்த்து ஏமாறாதீர்கள்: உள்ளே சோறு போல இருக்கும், ஆனால் வெளிச்சுற்று கெட்டி, அதன் நாரில் மணலின் தன்மை கொண்ட சிலிக்கா உண்டு. தென்னை அறுக்கப் போனால் அரத்தையும் கூடவே எடுத்துப் போங்கள். பனையை மட்டும் விட்டுவிடுங்கள். நம் மாநில மரம் அது. அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்திருக்கிறார்கள்.

21. பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் அரம். இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வரும். டேங்க் தீர்ந்ததும் மெஷின் ஆறட்டும். அந்த நேரத்தில் பல்லுக்கு 2 தள்ளு. முழுக்க மழுங்கும் வரை விட்டுவிட்டு 15 தள்ளு தள்ளுவதைவிட, கூர் குறைய ஆரம்பிக்கும்போதே 2 தள்ளு தள்ளினால் செயினும் பல நாள் வரும், தோளும் வலிக்காது.

22. செயின் எண்ணெயைப் பெட்ரோலோடு சேர்த்தே நிரப்புங்கள். எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, பாரின் மூக்கை ஒரு வெள்ளை அட்டைக்கு மேலே அரை அடி தள்ளிப் பிடித்து ரேஸ் கொடுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். வண்டியிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலைச் சிலர் ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத் துகள் இருக்கும், செயினும் பாரும் தேயும். அந்தக் கழிவு முழுக்க உங்கள் தோப்பு மண்ணில்தான் தெறித்து விழுகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் எண்ணெய் ஊற்றி வாரக்கணக்கில் வைத்தால் பிசினாக இறுகிவிடும்.

23. செயினைக் கழற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். விளிம்பில் பிசிறு எழும்பியிருந்தால் தட்டை அரத்தால் இழைத்துவிடுங்கள். பள்ளத்தில் அடைந்த தூளைப் பழைய ஹேக்சா பிளேடு துண்டால் சுரண்டி எடுங்கள்.

24. தீட்டிய பிறகு இறுக்கத்தைச் சரிசெய்ய மறக்காதீர்கள். செயின் பாரின் அடிப்பக்கத்தில் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும். கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓடவும் வேண்டும். வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கும்.

25. அரத்துக்கும் பராமரிப்பு உண்டு. கடற்கரை ஓரத்து உப்புக் காற்றில் ஒரு மழைக்காலத்திலேயே துரு ஏறிவிடும். காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள பி.வி.சி. பைப் துண்டில், புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு போட்டு வையுங்கள். எண்ணெய் தடவக் கூடாது, வழுக்கும். தட்டை அரத்தில் சாக்பீஸ் தடவிக்கொண்டால் இரும்புத் தூள் பற்களில் அடைக்காது. தூளைத் தட்டுவதென்றால் மரக்கட்டையில் தட்டுங்கள், இரும்பில் அல்ல. தள்ளும்போது கடிக்காமல் நழுவினால் அந்த அரத்தின் காலம் முடிந்தது, அடுத்ததை எடுங்கள். வாங்கும்போதே மூன்றாக வாங்கிவிடுவேன் நான்.

26. ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அன்றைக்கே ஒரு செயினை முழுதாக அரம் போட்டு, எண்ணெயில் நனைத்து, உபரியாகக் கட்டி வைத்துவிடுங்கள். அதற்கடுத்து வருவது வடகிழக்குப் பருவமழை. 2016 வர்தாவும் டிசம்பரில் வந்தது, 2023 மிக்ஜாமும் டிசம்பரில் வந்தது. கரன்ட் போய், கடை மூடி, தெருவை அடைத்துக்கொண்டு மரம் கிடக்கும் காலையில், கூரான ஒரு செயின் வீட்டில் இருப்பது உங்களுக்கு மட்டுமல்ல, அந்த வழியாகப் போக வேண்டிய ஆம்புலன்ஸுக்கும் உதவும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: மரத்தின் மேல் மின்கம்பி கிடந்தால் மின்வாரிய ஆட்கள் வந்து சொல்லும் வரை பக்கத்தில் போகாதீர்கள்.

27. பல்லின் மேல்தகடு 4 மி.மீ. நீளத்துக்குக் குறைந்துவிட்டால், அல்லது அதில் வெட்டியிருக்கும் கோட்டைத் தொட்டுவிட்டால், செயினை ஓய்வு கொடுத்து அனுப்புங்கள். அதற்கு மேல் தீட்டினால் பல் ஒடிந்து தெறிக்கும். பழைய இரும்புக் கடையில் போட்டால் நம் ஊர் ஃபர்னஸிலேயே உருகி, நாளைக்கு யார் வீட்டுத் தூணுக்கோ கம்பியாகப் போகலாம். ஆனால் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பழைய சாக்குத் துணியில் சுருட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கொடுங்கள். தேய்ந்த பல்லும் சதையைக் கிழிக்கும். அதைத் தராசில் வைத்து எடுப்பவர் கையுறை போட்டிருக்க மாட்டார்.